ஸ்பேனரைக் கீழே வைத்தவன்

வெடி என்றால் அந்த ஒர்க்‌ஷாப் தெருவில் தெரியாதவர் கிடையாது. கார் மெக்கானிக். ஒரு வண்டியின் பிரேக்கைக் கழற்றிப் போட்டுவிட்டு அடுத்த வண்டிக்குத் தாவுவான். ஏன் இப்படி என்று கேட்டால் வாய்க்கு முன்னால் கை பேசும். ஒரு வாடிக்கையாளர் கொஞ்சம் குரலை உயர்த்தியதற்கு, அவருடைய கார்க் கண்ணாடியைச் சுத்தியலால் நொறுக்கிவிட்டான்.

"இனிமே இங்க எவன் கை ஓங்கினாலும் வெளிய போயிடணும். தம்பின்னுகூடப் பார்க்க மாட்டேன்" என்றான் ஒர்க்‌ஷாப்பை நடத்தும் அண்ணன். அதை விட்டால் வெடிக்கு வேறு போக்கிடம் ஏது? தெருவில் ஒருத்தனும் அவனைச் சேர்க்க மாட்டான். அண்ணனும் தினமும் சாவியைத் தொலைத்துவிட்டு மேசையை உதைக்கிற ஆள்தான். முதலாளியாயிற்றே, யார் கேட்பது?

அண்ணிதான் வெடியை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஏ.டி.எச்.டி., அதாவது கவனம் ஓரிடத்தில் நிற்காமல் யோசிப்பதற்குள் கை முந்திக்கொள்ளும் கோளாறு என்றார் டாக்டர். மாத்திரையோடு, வாராவாரம் குழுப் பயிற்சிக்கும் வரச் சொன்னார். போய்ப் பார்த்தால் பிளாஸ்டிக் நாற்காலிகளில் வளர்ந்த மனிதர்கள், ஆளுக்கொரு பக்கம் காலாட்டிக்கொண்டு. பயிற்சி இதுதான்: ஒருவர் சீண்டுவார், மற்றவர் கையில் இருப்பதை முதலில் கீழே வைக்க வேண்டும். பேச்செல்லாம் அதற்குப் பிறகு.

"நட்டு முறுக்கத் தெரியாதவனெல்லாம் மெக்கானிக்காம்!" என்று சீண்டினார் ஒரு பஸ் கண்டக்டர். வெடியின் தண்ணீர் பாட்டில் பறந்தது. கண்டக்டருக்கு உதடு கிழிந்து, சட்டையெல்லாம் ரத்தம்.

"குறி தப்பலையேப்பா! உனக்குக் கவனம் இல்லைன்னு எவன் சொன்னான்?" என்று ரத்தத்தைத் துப்பிக்கொண்டே சிரித்தார் கண்டக்டர். வெடிக்கு அவமானத்தில் அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் அடுத்த வாரம் போனான், அதற்கடுத்த வாரமும் போனான். ஒருவழியாகப் பாட்டில் தரைக்கு வரப் பழகியது.

அப்புறம் அந்தக் காலை. வெடி சக்கரம் மாட்டி அனுப்பிய கார், தெருமுனையிலேயே சக்கரம் கழன்று சுவரில் மோதி நின்றது. நட்டை முறுக்க மறந்திருந்தான். ஓட்டியவருக்கு நெற்றியில் காயம். அண்ணன் நேராக வந்து வெடியின் கன்னத்தில் பளாரென்று அறைந்தான்.

"கொலைகாரப் பயலே!"

வெடியின் கையில் வீல் ஸ்பேனர் இருந்தது. அது தோளுக்கு மேல் போய்விட்டது. அண்ணனின் மண்டையைப் பிளந்துவிடுவோம் என்று அவனுக்கே தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தான். ஸ்பேனரைத் தரையில் வைத்தான்.

அண்ணன் அதை எடுத்தான். எடுத்த வேகத்தில் அடித்தான். தலைக்கு வந்ததை வெடி கையால் தடுத்தான். எலும்பு முறிந்த சத்தம் அண்ணனுக்கே கேட்டது. ஸ்பேனரைப் போட்டுவிட்டு, தம்பியைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான்.

"இத்தனை நாளா ரெண்டு பேர்ல ஒருத்தரைத்தான் பயிற்சிக்கு அனுப்பிட்டிருந்தேன்" என்றாள் அண்ணி, மாவுக்கட்டைப் பார்த்து.

அடுத்த வாரம் பயிற்சிக்கு வெடி கட்டோடு வந்தான். பின்னாலேயே அண்ணனும் வந்து வாசலில் நின்றான். உள்ளே வரவில்லை.

"கை ஓங்கினவன் வெளிய போகணும்னு நான்தானேடா சொன்னேன்" என்றான். "இனி ஒர்க்‌ஷாப்பை நீயே பார்த்துக்க. நான் போயிடறேன்."

வெடிக்கு ஆத்திரம் பொங்கியது. நல்ல கையில் இருந்த பாட்டிலைக் கீழே வைத்தான்.

"ஒத்தக் கையால நான் நட்டு முறுக்கவா? வந்து உட்காருண்ணே."

கண்டக்டர் தன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு இடம் விட்டார்.