உப்புக் கோடவுனில் சோடி ஆட்டம்

எங்கள் சித்தப்பாவுக்குக் கூட்டம் ஆகாது. மாதா கோயில் திருவிழாவில் ஊரே தேருக்குப் பின்னால் திரண்டு போகும்போது அவர் வீட்டில் படுத்துத் தூங்குவார். மறுநாள் காலையில், தெருவில் குப்பை அள்ளிக்கொண்டிருக்கும் நேரத்தில், தனியாகப் போய்த் தேரை நாலு பக்கமும் சுற்றிப் பார்த்துவிட்டு, ஊரிலேயே தான்தான் நன்றாகப் பார்த்ததாகச் சொல்லிக்கொண்டு வருவார். முடிவெட்டப் போனாலும் மீன் வாங்கப் போனாலும் இதே கதைதான். துறைமுகச் சாலையில் லாரிகளுக்கு எடைபோடும் மேடை ஒன்றை அவர் நடத்திவந்தார். அங்கே பகலெல்லாம் வரிசையில் நிற்கும் லாரிகளைப் பார்த்துப் பார்த்தே அவருக்கு இந்த வெறுப்பு வந்திருக்க வேண்டும் என்பது அம்மாவின் கருத்து.

என்னைத் தேசியப் போட்டி வரைக்கும் கொண்டுபோனது அவருடைய இந்தக் குணம்தான்.

எனக்கு அப்போது பதினொரு வயது. பள்ளி மைதானத்தில் ஸ்கேட்டிங் கற்றுக்கொண்டிருந்தேன். நாலு சக்கரம் வைத்த பூட்ஸைப் போட்டுக்கொண்டு, பாட்டுக்கு ஏற்ற மாதிரி சுழன்றும் துள்ளியும் ஆடுகிற ஆட்டம். தனி ஆட்டத்தில் மாவட்டப் போட்டிக்குப் போய், என்னைவிட நன்றாக ஆடுகிறவர்கள் இந்த மாவட்டத்திலேயே இத்தனை பேர் இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, அழுதுகொண்டே திரும்பி வந்தேன். துணைக்கு வந்திருந்த சித்தப்பா என்னைத் தேற்றவில்லை. அவருடைய மனம் வேறு எங்கோ இருந்தது. வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தும்போதுதான் வாயைத் திறந்தார்.

"ஏளா, ஒத்தையா ஆடுததுல பிள்ளைய குமிஞ்சு கெடக்கு. சோடியா ஆடுதோம்னு ஒரு பிரிவு இருக்கு, அதுல ஈ காக்கா இல்ல. அடுத்த வருசம் நாம அதுல போவோம்."

சோடி ஆட்டம் என்றால் ஒரு பையனும் ஒரு பெண்ணும் கைகோத்து ஆட வேண்டும். நடுவில் ஓரிடத்தில் பையன் பெண்ணை இடுப்பில் பிடித்துத் தூக்கி, ஓடியபடியே அரைவட்டம் திரும்பி இறக்கிவிட வேண்டும். இதைக் கேட்டதும் அம்மா கையிலிருந்த கரண்டியோடு வெளியே வந்தாள். ஊர் என்ன சொல்லும் என்பது அவளுடைய கவலை. சித்தப்பா அதற்கும் ஆள் வைத்திருந்தார்.

"அதுக்குத்தான் எம் மகன் இருக்கான். அண்ணன் தங்கச்சி கையப் புடிச்சா எவன் வாயத் தொறப்பான்?"

அப்பா சரக்குக் கப்பலில் ஃபிட்டராக இருந்தார். அவர் ஏதோ ஒரு துறைமுகத்தில் இருந்தபோது வாட்ஸ்அப்பில் அனுமதி கேட்டோம். இரைச்சலில் அவருக்கு என்ன கேட்டதோ தெரியாது, "போட்டும், போட்டும்" என்றார். அதோடு குடும்பம் சம்மதித்துவிட்டதாக ஆனது.

சம்மதிக்காத ஒரே ஆள் சித்தப்பா மகனான அந்த அண்ணன்தான். என்னைவிட ஒரு வயது பெரியவன், ஆனால் என்னைவிட ஒல்லி. ஸ்கேட்டிங்கில் அவன் அதுவரை வேக ஓட்டம்தான் ஓடியிருந்தான். அவனுடைய உயிரெல்லாம் கால்பந்தில் இருந்தது. தெருப் பையன்கள் அவனைப் பார்த்து இடுப்பை ஆட்டிக் காட்டத் தொடங்கினார்கள். சித்தப்பா என்ன சொல்லி அவனை மடக்கினார் என்று தெரியவில்லை. ஆனால் அவன் என்னிடம் வந்து தன் கணக்கைத் தெளிவாகச் சொல்லிவிட்டான்.

"இந்த ஒரு தடவதான். தேசியப் போட்டிக்குத் தேறலைன்னா நான் ஃபுட்பாலுக்குப் போயிருவேன். பொறவு என்னியக் கூப்பிடப்பிடாது."

அவன் போய்விட்டால் நான் ஆட முடியாது. தனி ஆட்டத்தில் தோற்றால் அடுத்த வருடம் நானாக மறுபடி போய் நிற்கலாம். சோடி ஆட்டத்தில் பாதி ஆளாக யாரும் போய் நிற்க முடியாது. அன்றிலிருந்து அவனுக்குச் சளி பிடித்தாலும் எனக்குப் பயமாக இருந்தது.

மழைக்காலத்தில் உப்பளங்களில் வேலை நின்றுவிடும். எடைமேடைக்குப் பின்னால் உப்பு மூட்டை கட்டுகிற ஒரு பெரிய கோடவுன், அந்த மாதங்களில் காலியாகக் கிடக்கும். அதன் சொந்தக்கார அண்ணாச்சி சித்தப்பாவுக்கு வேண்டியவர். அங்கேதான் பழகினோம். முதலில் தரையைப் பெருக்க வேண்டும். எவ்வளவு பெருக்கினாலும் எங்கேயோ ஒரு கல் உப்பு மிச்சம் இருந்து சக்கரத்தில் மாட்டிக் குப்புறத் தள்ளிவிடும். விழுந்து சிராய்த்த முழங்காலில் அந்த உப்பே படும்போது நான் போடும் சத்தம் எடைமேடை வரைக்கும் கேட்கும். லாரி ஓட்டுநர்கள் வந்து எட்டிப் பார்ப்பார்கள். பூட்ஸின் திருகாணி, பேரிங் எல்லாம் துருப்பிடித்துக்கொண்டே இருந்தன. அண்ணன் அவற்றைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போடுவான். அந்த வேலையை மட்டும் அவன் விரும்பிச் செய்தான்.

எங்கள் ஸ்கேட்டிங் மாஸ்டருக்கும் சோடி ஆட்டம் புதிது. வெளிநாட்டில் பனித்தரையில் ஆடுகிறவர்களின் வீடியோவைப் பார்த்து அவர் முதலில் கற்றுக்கொண்டு, பிறகு எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அந்த வீடியோவில் அந்தப் பெண் காற்றில் எறியப்பட்டுச் சுழன்று ஒற்றைக்காலில் இறங்குவாள். இங்கே அண்ணன் என்னைத் தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்துவதற்குள் அவன் முகம் சிவந்துவிடும். சித்தி அவன் தட்டில் கூடுதலாக முட்டை வைத்தாள். அம்மா என் தட்டிலிருந்து ஒரு இட்லியை எடுத்தாள். இரண்டு பக்கமும் சரிசெய்தால் நடுவில் எங்காவது சமமாகும் என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள்.

மாவட்டப் போட்டியில் சோடிப் பிரிவில் நாங்கள் மட்டும்தான். ஆடி முடித்தோம். தூக்கும்போது அண்ணன் தள்ளாடினான், ஆனாலும் விழவில்லை. தங்கப் பதக்கம் போட்டார்கள். சித்தப்பா வீட்டுக்குள் நுழையும்போதே, மாவட்டத்திலேயே முதலிடம் என்று அறிவித்தார்.

"ரெண்டாவதா வந்தது யாரு?" என்று அம்மா கேட்டாள்.

சித்தப்பாவுக்கு அவசரமாக ஒரு போன் வந்துவிட்டது.

மாநிலப் போட்டி சென்னையில். நான், அண்ணன், சித்தப்பா, மாஸ்டர் நாலு பேரும் ரயிலேறினோம். அங்கே எங்கள் வயதுப் பிரிவில் இன்னொரு சோடி இருந்தது, சென்னைக்காரர்கள். அந்தப் பையன் அண்ணனைவிட ஒரு தலை உயரம். அந்தப் பெண் ஒரு முடிகூடப் பிசிறாமல் கொண்டை போட்டு, நீலப் பாவாடையில் கொக்கு மாதிரி நின்றாள். இவர்களைத் தோற்கடித்தால்தான் எங்களுக்குத் தேசியப் போட்டி என்று நினைத்திருந்தேன். அப்படித்தான் எங்களிடம் சொல்லியிருந்தார்கள்.

ஆனால் அன்று பெரியவர்கள் நடந்துகொண்டது விசித்திரமாக இருந்தது. சித்தப்பா ஊரிலிருந்து கொண்டுவந்த முந்திரி மக்ரூன் டப்பாவை எங்களுக்குப் பிரிக்காமல் நேராகப் போய் அந்தப் பெண்ணின் அம்மாவிடம் கொடுத்தார். "நம்ம ஊரு ஐட்டம். பிள்ளைகளுக்குக் குடுங்க, தெம்பா ஆடும்" என்றார். எதிரிக்கு ஏன் தெம்பு என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அந்த ஆன்ட்டியும் அதற்குக் குறையவில்லை. எங்களிடம் வந்து, ராத்திரி தூங்கினோமா, சாப்பிட்டோமா, காய்ச்சல் ஏதும் இல்லையே என்று கேட்டு, என் நெற்றியைத் தொட்டும் பார்த்தார். என் வலது பூட்ஸின் முனையில் இருக்கும் பிரேக் ரப்பர் துருப்பிடித்த திருகாணியோடு கையில் கழன்று வந்தபோது, மாஸ்டர் முகம் வெளுத்துவிட்டது. ஆன்ட்டிதான் தன் பையைக் கவிழ்த்துத் தேடி, தன் மகளுக்காக வைத்திருந்த மாற்று ரப்பரை எடுத்துக் கொடுத்தார். உலகத்தில் இப்படியும் நல்லவர்கள் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர்கள் முதலில் ஆடினார்கள். ஒரு இடத்திலும் பிசகவில்லை. அந்தப் பையன் அவளைப் பூக்கூடையைத் தூக்குகிற மாதிரி தூக்கி வைத்தான். ஆடி முடித்து இருவரும் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்கள்.

பிறகு நாங்கள். பாதி ஆட்டம் வரைக்கும் எனக்கே ஆச்சரியமாகத்தான் இருந்தது. அங்கே தரையில் உப்பு இல்லை; சக்கரங்கள் தாமாகவே வழுக்கிக்கொண்டு போயின. கைகோத்துச் சுழன்றோம், ஒன்றாகத் துள்ளி ஒன்றாக இறங்கினோம். தூக்குகிற இடம் வந்தது. வழக்கத்தைவிட வேகமாக வந்துவிட்டோம். அண்ணன் என்னைத் தூக்கினான், திரும்பினான், அவன் கால்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. அவன் மல்லாக்க விழ, நான் அவன்மேல் விழுந்தேன்.

அவனுக்கு மூச்சு நின்றுவிட்ட மாதிரி வாய் மட்டும் திறந்து மூடியது. நான் எழுந்து உட்கார்ந்தேன். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. எல்லாம் முடிந்தது, இனி இவன் ஃபுட்பாலுக்குப் போய்விடுவான் என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. அழ ஆரம்பித்தேன். நடுவர்கள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது வேலிப் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது. "எழுந்திரு! ஏய், எழுந்திரு! பாட்டு இன்னும் இருக்கு!"

அந்தக் கொண்டைக்காரிதான். கம்பியை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். "மறுபடி தூக்கு! தூக்கிடு, முடிச்சிடலாம்!"

அண்ணன் புரண்டு எழுந்தான். கையை நீட்டினான். "எந்திளா. எனக்கு ஒண்ணும் ஆவல" என்றான். அவன் குரல் அப்படி ஒன்றும் நம்பும்படியாக இல்லை. ஆனாலும் கையைப் பிடித்துக்கொண்டேன். நடுவில் ஆட வேண்டியதையெல்லாம் விட்டுவிட்டு நேராகத் தூக்குகிற இடத்துக்கே போனோம். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு என்னைத் தூக்கினான். அரைவட்டம் திரும்பினான். இறக்கினான். என் சக்கரம் தரையில் படவும் பாட்டு நின்றது. அங்கே முதலில் கைதட்டியது அவள்தான்.

மதிப்பெண்ணில் அவர்களுக்கும் எங்களுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். நாங்கள் இரண்டாவது. நான் மறுபடி அழத் தயாராக இருந்தபோது, இரண்டு சோடியும் தேசியப் போட்டிக்குத் தேர்வு என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். சித்தப்பா அண்ணனைத் தோளில் தூக்கிக்கொண்டார். ஆன்ட்டி அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னார். சித்தப்பா ஆன்ட்டிக்கு நன்றி சொன்னார். இது என்ன நன்றி என்று எனக்கு விளங்கவில்லை.

ஊருக்குத் திரும்பும் ரயிலில் சித்தப்பா விளக்கினார். மாவட்டத்தில் எப்படியோ, மாநிலப் போட்டியில் ஒரு சோடி மட்டும் ஆடினால் அது போட்டியாகவே சேராதாம். இரண்டு சோடியாவது களமிறங்கி, கட்டாயமானதையெல்லாம் ஆடி முடித்தால்தான் அந்தப் பிரிவு நடந்ததாக அர்த்தம். நடந்துவிட்டால் முதல் இரண்டு சோடிக்கும் தேசியப் போட்டி.

"நீங்க அந்தத் தூக்கு தூக்காம கெடந்திருந்தா அவுகளும் மூட்டையக் கட்டிருக்கணும்" என்றார்.

"இத ஏன் முன்னாலேயே சொல்லல?" என்று அண்ணன் கத்தினான்.

"சொல்லியிருந்தா கோடவுனப் பெருக்கிப்போட்டு, பழகாம வீட்டுக்கு வந்திருப்பிய, ரெண்டு பேரும்."

அண்ணன் கொஞ்ச நேரம் முறைத்துவிட்டுச் சிரித்துவிட்டான். என்னால் சிரிக்க முடியவில்லை. ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தேன். மக்ரூன், நெற்றியைத் தொட்டது, பிரேக் ரப்பர், கடைசியில் அந்தக் குரல். எல்லாவற்றுக்கும் இப்போது காரணம் கிடைத்துவிட்டது. அவள் எங்களுக்காகக் கத்தவில்லை, தனக்காகத்தான் கத்தியிருக்கிறாள். பதக்கத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். உலகம் எப்படி நடக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டதாக ஒரு நினைப்பு.

தேசியப் போட்டிக்கு வடக்கே போனபோது அவள் எங்கள் ரயில் பெட்டியிலேயே வந்தாள். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து நிறையப் பேசினாள். நானும் பேசினேன், ஆனால் ஒரு அளவோடு. அங்கே நாங்கள் கடைசிக்கு ஒரு படி மேலே வந்தோம். அதுவே போதும் என்று ஊர் கொண்டாடியது. அண்ணன் ஃபுட்பாலுக்குப் போகவில்லை. அடுத்த வருடம் அவனாகவே பேரிங்கை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டான். பத்தாம் வகுப்பு வரைக்கும் என்னோடு ஆடினான். இப்போது அவனும் கப்பலில் இருக்கிறான்.

போன வருடம் அந்தக் கொண்டைக்காரி ஒரு தோழியின் கல்யாணத்துக்காகத் தூத்துக்குடிக்கு வந்தவள், என்னைத் தேடி வீட்டுக்கு வந்தாள். சித்தப்பாவும் இருந்தார். பழைய கதையைப் பேசிக்கொண்டிருந்தபோது, அந்த வருடம் எங்களை எழுப்பிவிட்டு நீயும் தப்பித்தாயே என்று வேடிக்கையாகச் சொன்னேன். அவள் விழித்தாள்.

"நான் எங்க தப்பிச்சேன்?"

விதியைச் சொன்னேன். அவள் சித்தப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இப்படி ஒரு ரூல் இருந்துச்சா? எங்கம்மா சொல்லவே இல்லியே. உங்களைத் தோக்கடிச்சாதான் போக முடியும்னுதானே என்னை ஆட வச்சாங்க!"

சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அப்ப எதுக்கு அப்படிக் கத்துன?"

இது என்ன கேள்வி என்பதுபோல என்னைப் பார்த்தாள்.

"நீ கீழ உக்காந்து அழுதுட்டு இருந்தே" என்றாள்.