குளிரக்காவின் முப்பத்தெட்டு வீடுகள்

அவளுக்கு ஒரு பெயர் உண்டு. வருகைப் பதிவேட்டில் அது இருக்கிறது. ஆனால் அந்தச் சுகாதார நிலையத்தில் பெரிய டாக்டர் முதல் வாசல் பெருக்குகிறவர் வரை எல்லோருக்கும் அவள் குளிரக்காதான்.

இருபத்தொரு வருடமாகத் தடுப்பூசி மருந்து வைக்கும் அறை அவள் பொறுப்பு. ஜன்னல் இல்லாத அறை. மூன்று ஃபிரிட்ஜ், ஒரு டீப் ஃப்ரீசர், சுவரில் ஒரு வெப்பநிலை அட்டை. காலையும் மாலையும் தெர்மாமீட்டரைப் பார்த்து அட்டையில் புள்ளி வைப்பாள். இரண்டு டிகிரிக்கும் எட்டு டிகிரிக்கும் நடுவில் புள்ளி விழுந்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம் ஃபிரிட்ஜ் கதவு ஒழுங்காக மூடாமல் போய், உள்ளே இருந்த மருந்து மொத்தமும் சூடாகிக் கெட்டுவிட்டது. அவள் கண்ணெதிரே குழி தோண்டிப் புதைத்தார்கள். அன்றிலிருந்து சூடு என்றாலே அவளுக்குப் பயம். வீட்டில் புருஷன் ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்தால், "உள்ள என்ன சினிமாவா ஓடுது? மூடுங்க" என்பாள்.

"கட்டுனவன் மேல இல்லாத அக்கறை கதவு மேல" என்பார் அவர்.

சூட்டுக்குப் பயந்து பயந்து, குளிரும் மருந்தைக் கொல்லும் என்பதை அவள் மறந்தது ஒரே ஒரு நாள்தான்.

முகாமுக்கு மருந்து அனுப்பும்போது குளிர்பெட்டியின் நாலு பக்கமும் ஐஸ் பேக் அடுக்க வேண்டும். ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் அடுக்கக் கூடாது. மேசையில் பரப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். பேக் மேலெல்லாம் வியர்த்து, காதோரம் வைத்து ஆட்டினால் உள்ளே தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்க வேண்டும். ஏனென்றால் உருக ஆரம்பித்த பனிக்கட்டி பூஜ்யம் டிகிரியில் நின்றுவிடும். அதற்கப்புறம் வாங்குகிற வெப்பத்தையெல்லாம் உருகுவதற்கே செலவழிக்கும். ஃப்ரீசரிலிருந்து நேராக வந்ததோ பூஜ்யத்துக்கு இருபது டிகிரி கீழே இருக்கும். பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வெப்பத்தைப் பிடுங்கும். குளிர் என்று எதுவும் மருந்துக்குள் நுழைவதில்லை. மருந்தில் இருந்த வெப்பம்தான் வெளியே போகிறது. போகப் போக மருந்து உறைகிறது. இந்த மருந்து உறைந்தால் செத்துவிடும். மறுபடி உருகினாலும் பார்க்கப் பழையபடிதான் இருக்கும், வேலை மட்டும் செய்யாது.

இதெல்லாம் குளிரக்காவுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் அன்று காலை டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது. ஜெனரேட்டர் நாலு தடவை இருமிவிட்டுப் படுத்துக்கொண்டது. தெர்மாமீட்டர் ஐந்திலிருந்து ஏழுக்கு ஏறியது. முகாம் வேன் வாசலில் நின்றது.

"அக்கா, ஐஸ் பேக்குக்கு வேர்க்கிறதுக்குள்ள எனக்கு வேர்த்துடுச்சு" என்றார் டிரைவர்.

அவள் தெர்மாமீட்டரைப் பார்த்தாள். ஏழரை. மேசையில் பரப்பிய ஐஸ் பேக்குகள் இன்னும் வெள்ளையாக, காய்ந்த கல்லாக இருந்தன. மூன்றாம் வருடத்துக் குழி கண்ணுக்குள் வந்தது. அவற்றை அப்படியே அள்ளிப் பெட்டியில் அடுக்கினாள். போதாதென்று இன்னும் இரண்டு. குப்பிகளை நடுவில் நெருக்கி வைத்து மூடியை அழுத்தினாள். வேன் போனதும் நிம்மதியாக மூச்சுவிட்டாள். மதியம் கரண்ட் வந்தது.

சாயங்காலம் நர்ஸ் பெட்டியோடு திரும்பினாள். வேலைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகாத பெண்.

"முப்பத்தெட்டுப் பிள்ளைங்கக்கா. ஒருத்தன் என் கையைக் கடிச்சே வச்சுட்டான்."

"மருந்து எப்படி இருந்துச்சு?"

"நல்லா ஜில்லுனு இருந்துச்சு. சிலது கல்லு மாதிரி இருந்துச்சுக்கா. உள்ளங்கையில வச்சு உருட்டினதும் சரியாயிடுச்சு."

குளிரக்கா பெட்டியை வாங்கித் திறந்தாள். மிச்சம் வந்த குப்பிகளைத் தனியாக எடுத்து வைத்தாள்.

மறுநாள் காலை மூன்று குப்பிகளை ஒன்றாகக் குலுக்கி மேசைமேல் நிறுத்தினாள். ஒன்று ஃபிரிட்ஜை விட்டு வெளியே போகாதது. இன்னொன்று முந்தின மாலையே அவள் வேண்டுமென்றே உறைய வைத்து உருக்கியது. மூன்றாவது முகாமிலிருந்து திரும்பியது. உறைந்து கெட்ட மருந்து, குலுக்கி வைத்தால் சீக்கிரம் அடியில் படிந்துவிடும். அரை மணி நேரம் அவற்றின் எதிரே உட்கார்ந்திருந்தாள். முதல் குப்பி பால்போல் கலங்கலாகவே இருந்தது. மற்ற இரண்டிலும் அடியில் வெள்ளையாகப் படிந்து, மேலே தண்ணீர் தெளிந்து நின்றது.

பெரிய டாக்டரிடம் மூன்றையும் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் கதவைச் சாத்தினார்.

"அட்டையில எல்லாப் புள்ளியும் சரியாத்தானே இருக்கு?"

"தெர்மாமீட்டர் இப்ப என்னன்னுதான் சார் சொல்லும். பெட்டிக்குள்ள நேத்து என்ன ஆச்சுன்னு அதுக்குத் தெரியாது."

"எட்டு மாசத்துல ரிடையர் ஆகப் போறீங்க. பிள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"இப்ப ஒண்ணும் ஆகலை சார். எந்த நோய்க்குப் போட்டோமோ அது வந்தாத்தான் தெரியும்."

டாக்டர் குப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு அறைச் சாவியை மேசைமேல் வைக்கச் சொன்னார். விசாரணை முடியும்வரை அறை நர்ஸின் பொறுப்பு. வீடு வீடாகப் போய்ச் சொல்லும் வேலை யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. அவளே முகாம் பட்டியலை எடுத்துக்கொண்டாள்.

இரண்டு நாளில் இருபத்தாறு வீடு முடிந்தது. சிலர் திட்டினார்கள். சிலர் பட்டியலில் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனார்கள். இருபத்தேழாவது வீட்டில் தாய் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். பிள்ளையின் தொடையில் ஊசி குத்திய தடம் இன்னும் இருந்தது.

"அன்னிக்கு ராத்திரி முழுக்க அழுதான். மறுபடியும் குத்தணுமா?"

"ஆமாம்மா. போட்டது வேலை செய்யாது."

"யாரு பண்ணுன தப்பு?"

"நான்தான். கெட்டுடக் கூடாதேன்னு ரொம்பக் குளிர வச்சுட்டேன்."

அந்தத் தாய் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "அன்னிக்கு வந்த நர்ஸும் நல்ல மருந்துன்னுதானே சொன்னாங்க? இனிமே என் பிள்ளையை எதுக்கும் தூக்கிட்டு வர மாட்டேன். போங்க."

குளிரக்கா இன்னொரு முறை சொல்லிப் பார்த்தாள். அந்தத் தாய் உள்ளே போய்விட்டாள். பிள்ளை அம்மாவின் தோளுக்கு மேலாகத் திரும்பி, தெருவில் நிற்பவளைப் பார்த்துச் சிரித்தது.

பட்டியலில் அந்தப் பெயருக்கு எதிரே அவள் எதுவும் எழுதவில்லை. மீதி பதினொரு வீடு இருந்தது. நாளைக்கு முதலில் இந்த வாசலுக்கே வர வேண்டும் என்று நினைத்துக்கொண்டு அடுத்த வீட்டை நோக்கி நடந்தாள்.