ஒரு தொன்னைப் பொங்கல்

சித்தூரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சர்ஜன் ஆஸ்பத்திரி. அங்கே என்னென்ன ஆபரேஷன் செய்வார்கள் என்று வாசல் போர்டில் தெலுங்கில் வரிசையாக எழுதியிருக்கும்: குடல் இறக்கம், குடல்வால், மூலம், விரைவீக்கம், கொழுப்புக்கட்டி, ஆறாத புண். பள்ளிக்கூடம் போகும்போது அதைப் பாடம் போல ஒப்பித்துக்கொண்டு போவேன். முதல் வரி என் நைனாவுக்கு வரும் என்று நினைத்ததில்லை.

நைனா வெல்லமண்டியில் மூட்டை தூக்குபவர். அடிவயிற்றில் எலுமிச்சை அளவு இருந்த வீக்கம் ஒரே வருடத்தில் மாங்காய் அளவுக்கு வந்துவிட்டது. "இருக்கிறதிலேயே சின்ன ஆபரேஷன்" என்றார் டாக்டர்.

முந்தின நாள் சாயங்காலமே சேர்த்துக்கொண்டார்கள். காலையில் அம்மா துணி எடுத்துவர வீட்டுக்குப் போனாள். நர்சம்மா என்னைக் கட்டிலருகே நிறுத்தி, விரல் மடக்கிச் சொன்னாள்: "தண்ணி, காப்பி, பால், இட்லி, ரொட்டி, பழம், வெத்தலப்பாக்கு. எதுவும் தரக்கூடாது." எனக்கு ஒன்பது வயது. ஏழு பெயரையும் நோட்டின் பின்னட்டையில் எழுதி எண் போட்டேன்.

பக்கத்துக் கட்டில்காரர் நீட்டிய காப்பியைத் திருப்பி அனுப்பினேன். நைனாவின் கண் சொம்பின் மேல் போனது. அதையும் எடுத்து வெளியே வைத்தேன்.

"போலீசம்மா, நாக்கையாவது நனைச்சிக்கலாமா?"

"முதல் நம்பர். கூடாது."

"இதுக்கு உங்கம்மாவே தேவல." வீக்கத்தைக் கையால் அழுத்திக்கொண்டு சிரித்தார்.

எட்டு மணிக்குச் சித்தப்பா வந்தார். முதல் பஸ்ஸில் காணிப்பாக்கம் போய், அண்ணன் பெயரில் அர்ச்சனை செய்துவிட்டு வந்திருந்தார். கையில் ஒரு தொன்னை சர்க்கரைப் பொங்கல். நைனா என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன். ஏழில் அது இல்லை.

"பிரசாதம் பாப்பா. இது என்னா சோறா?" என்றார் சித்தப்பா. "வேணாம்னு சொன்னா ஆவுமா?"

நைனா கண்ணில் ஒற்றிக்கொண்டு ஒரு வாய் போட்டார். ராத்திரியிலிருந்து பட்டினி. பிரசாதத்தில் மீதி வைக்கவும் கூடாது. தொன்னை காலியானது. கடைசியில் ஒட்டியிருந்த முந்திரி எனக்கு.

ஒன்பது மணிக்கு டாக்டர் வந்து, ஏதாவது சாப்பிட்டாரா என்று கேட்டார்.

"காணிப்பாக்கம் சாமி சத்தியமா ஒண்ணும் துன்னல சார்" என்றார் சித்தப்பா.

அந்தச் சாமி பெயரில் பொய்ச் சத்தியம் செய்ய எங்கள் பக்கத்தில் யாருக்கும் தைரியம் வராது. டாக்டருக்கும் அது தெரியும். என்னையும் பார்த்தார். "ஏழும் தரல சார்" என்றேன். நாங்கள் யாருமே பொய் சொல்லவில்லை.

நைனாவை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள். அதுபோன்ற ஒரு தியேட்டரில் இன்று நான் டெக்னீஷியன். நடந்ததை இப்போது வரிசையாகச் சொல்ல முடியும். மயக்கம் கொடுத்தார்கள். வயிற்றிலிருந்தது மேலே வந்தது. மூச்சுக்குழாய்க்குள் இறங்கியது. அன்று எனக்குக் கேட்டது, உள்ளே ஏதோ பாத்திரம் உருண்டதும் யாரோ ஓடியதும்தான். டாக்டர் வெளியே வந்து அதே கேள்வியை மறுபடி கேட்டார். சித்தப்பா அழுதுகொண்டே மறுபடி சத்தியம் செய்தார். "அப்ப ராத்திரி துன்னதே செரிக்கல" என்று சொல்லிவிட்டு டாக்டர் உள்ளே போனார்.

மூன்று நாள் நைனா உலைப்பானை கொதிப்பதுபோல மூச்சு விட்டார். நாலாம் நாள் காலையில் அது நின்றது.

சாமான்களைக் கட்டும்போது நர்சம்மா என் நோட்டை எடுத்தாள். சாமியுடையது என்று நான் உள்ளே பத்திரப்படுத்தியிருந்த தொன்னை கீழே விழுந்தது. காய்ந்த நெய்யில் எறும்பு.

"இது யாரு துன்னது?"

"நைனா. ஆபரேஷன் அன்னிக்கி. பிரசாதம்."

வராந்தாவில் தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த சித்தப்பாவை அவள் வெகுநேரம் பார்த்தாள். பிறகு தொன்னையைக் கசக்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"யார்கிட்டயும் சொல்லாத பாப்பா. உங்க சித்தப்பாகிட்டயும்."

பிரசாதம் சாப்பிட்டதை வெளியே சொன்னால் பலன் போய்விடும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அம்மா என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நோட்டை அவளிடமிருந்து வாங்கி, பின்னட்டையைத் திருப்பி, பென்சிலால் ஏழுக்கும் எதிரே ஒவ்வொன்றாகச் சரி போட்டுவிட்டுத்தான் எழுந்தேன்.