தாழ்ப்பாள் கேட்ட நண்பன்

தெருவில் எல்லோருக்கும் அவர் பூட்டுக்காரர்தான். சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் திருதிருவென்று முழிப்பவர்களை நாலு வார்த்தை திட்டிவிட்டுத்தான் கதவைத் திறந்து கொடுப்பார். திட்டுக்குத் தனிக் கூலி கிடையாது.

அவருக்கு நண்பன் என்று இருந்தது ஒரே ஒருவன். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒன்றாக அடி வாங்கியவர்கள். நண்பன் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். வலிப்பு நோய் வந்த பிறகு ஸ்டியரிங்கை விட்டு இறங்கி, டிப்போ அலுவலகத்தில் பதிவேடு எழுதுகிறான். மாத்திரையை ஒழுங்காகத்தான் போடுகிறான். ஆனாலும் மாதத்துக்கு ஒரு தடவை அது வராமல் இருப்பதில்லை.

போன வருடம் குளியலறையில் வந்தது. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. அவன் மனைவி அலறியடித்துப் போன் செய்ய, பூட்டுக்காரர் ஓடிவந்து கதவை உடைத்து அவனைத் தூக்கினார். நெற்றியில் ஏழு தையல். அன்று மாலையே அந்த வீட்டின் உள்கதவுகளில் இருந்த தாழ்ப்பாள்களை ஒன்று விடாமல் கழற்றிக்கொண்டு போய்விட்டார். நண்பனைக் காப்பாற்றிவிட்டோம் என்று உள்ளுக்குள் பெருமை வேறு. நல்லது செய்கிறவர்களுக்கு இப்படி ஒரு வியாதி உண்டு, செய்ததைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

அதன் பிறகு நண்பன் குளிக்கப் போனால் கதவு ஒருக்களித்தே இருக்கும். நிமிடத்துக்கு ஒரு தடவை மனைவி "இருக்கீங்களா?" என்பாள். "இருக்கேன்" என்று அவன் சொல்ல வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் உள்ளேயே வந்துவிடுவாள்.

ஒரு மதியம் அவன் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"பாத்ரூமுக்கு ஒரு தாழ்ப்பாள் போட்டுக் குடுடா."

"ஏன், உயிரோட இருக்கறது போரடிக்குதா?" என்றார் பூட்டுக்காரர்.

வழக்கமாக இதற்குச் சிரிப்பான். அன்று சிரிக்கவில்லை.

"பஸ்ஸ விட்டேன். தனியா வெளியூர் போறத விட்டேன். எதுவும் கேக்கல. ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் யாரும் பாக்காம இருக்கணும்டா. நோய் கூட அத எடுக்கல, நீதான் கழட்டிட்டுப் போன."

ஊரையே திட்டுகிறவருக்குத் தன்னையே திட்டிக்கொள்ளத் தோன்றியது. வெட்கமாக இருந்தது.

இரண்டு நாள் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை போய், உள்பக்கம் திறந்த கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி கீல்களை மாற்றிப் போட்டார். ஆள் கதவோரம் விழுந்து கிடந்தாலும் திறக்க வேண்டுமே. புதுத் தாழ்ப்பாளை உள்ளே இருந்து திருகினால் பூட்டிக்கொள்ளும். வெளியே உள்ள பள்ளத்தில் ஸ்பூன் காம்பை விட்டுத் திருப்பினால் திறந்துகொள்ளும்.

நண்பனின் மனைவி மசியவில்லை. "நீங்க போட்டுட்டுப் போயிடுவீங்கண்ணே. கூட இருக்கறது நான்தானே."

"சரி தங்கச்சி. நான் உள்ள விழுந்து கிடக்கறேன், நீ திற."

தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, தொப்பையும் தானுமாக ஈரத் தரையில் மல்லாந்தார். முதல் தடவை ஸ்பூன் பள்ளத்தில் சிக்காமல் வழுக்கிக் கீழே விழுந்தது. பத்தாவது தடவை மூன்று நொடியில் திறந்துவிட்டாள். தொப்பலாக நனைந்து எழுந்தவரைப் பார்த்து நண்பன் விழுந்து விழுந்து சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

பிறகு அவன் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான்.

"பத்து நிமிஷம் கூப்பிடக் கூடாது தங்கச்சி. விழுற சத்தம் கேட்டா மட்டும் திற" என்று பூட்டுக்காரர் உபதேசம் செய்தார். அவள் ஸ்பூனை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே தண்ணீர் விழுந்தது. பிறகு நின்றது.

நான்காவது நிமிடம் ஒரு சத்தமும் இல்லை. ரத்தம் வழிந்த அந்த நெற்றி பூட்டுக்காரரின் கண்முன் வந்து நின்றது. தாங்க முடியவில்லை. உபதேசமெல்லாம் எங்கேயோ போக, ஸ்பூனைப் பிடுங்கக் கையை நீட்டினார்.

அவள் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். கண்ணில் நீர் வழிந்தது, ஆனால் குரல் நடுங்கவில்லை.

"விழுந்தா எனக்குக் கேக்கும்ணே. இன்னும் ஆறு நிமிஷம் இருக்கு. விடுங்க, அது அவரோடது."