எதிர்வீட்டு அக்கா சொன்ன வழக்கம்

அறுபதுகளின் கடைசியில் ஒரு மே மாதம். கல்யாணமாகி நாக்பூருக்குப் போன நான், நாலு வருஷம் கழித்துப் பெரிய காஞ்சிபுரத்தில் இருந்த என் அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தேன். கணவருக்குக் கிடைத்த லீவு ஒரு வாரம். பாதியை ரயிலே தின்றுவிட, ஊரில் இருக்கக் கிடைத்தது மூன்றே நாள்.

அந்த மூன்று நாளும் என் நினைப்பெல்லாம் தங்கை மேல்தான். அவளைத் திருவண்ணாமலைப் பக்கம் ஒரு கிராமத்தில் கொடுத்திருந்தோம். அவள் கல்யாணத்துக்கே என்னால் வர முடியவில்லை. எங்களுக்கு அம்மா இல்லாததால் தலைப்பிரசவமும் மாமியார் வீட்டிலேயே நடந்துவிட்டது. கைக்குழந்தையோடு புதன்கிழமைதான் அனுப்புவோம், அன்றுதான் நாள் நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவள் பஸ் வந்து சேரப் பத்து மணியாகும். நாங்கள் ஊருக்குக் கிளம்ப வேண்டியதும் அதே புதன்கிழமை.

மெட்ராஸில் ரயில் சாயங்காலம்தானே, பத்து மணிக்குப் பார்த்துவிட்டுப் போனால் என்ன என்று கேட்பீர்கள். என் கணவரைத் தெரியாதவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். ரயிலுக்கு என்ஜின் பூட்டுவதற்கு முன்பே அவர் பிளாட்பாரத்தில் பெட்டிமேல் உட்கார்ந்திருக்க வேண்டும். காலை ஆறு மணி பஸ் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். கெஞ்சினேன், முறைத்தேன், ஒன்றும் நடக்கவில்லை. முதல் நாள் சாயங்காலம் குழாயடியில் எதிர்வீட்டு அக்காவிடம் சொல்லி மூக்கைச் சிந்தி அழுததுதான் மிச்சம். அவர்கள் தறிக்காரர்கள். அந்த அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

விடியும்போதே கதவைத் திறந்தால், தெரு நீளத்துக்கும், தறியில் ஏற்றப்போகும் நெடுக்கு நூலான பட்டுப் பாவு இழுத்துக் கட்டியிருந்தது. அக்காவும் அவள் புருஷனும் இழை விறைக்கக் கஞ்சி தெளித்துக்கொண்டிருந்தார்கள். ஜட்கா வண்டி தெருமுனையிலேயே நின்றுவிட்டது. என் கணவர் அசரவில்லை. டிரங்குப் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, சுவரோரமாக ஒண்டி ஒண்டி நடந்தார். பெட்டியின் கொண்டி பாவில் மாட்டியது. அவர் வெடுக்கென்று இழுத்தார். நாலைந்து இழை அறுந்தது.

அவர் முகம் செத்துவிட்டது. "நான் வேணும்னு பண்ணலீங்க" என்றார்.

"அது பரவால்ல மாப்ள, பிணைச்சிக்கலாம்" என்றாள் அக்கா. "ஆனா பயணம் கெளம்பினவங்க கையால பாவு அறுந்தா, ஊட்டுக்குத் திரும்பிப் போயி ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுத்தான் போவணும். எங்க தெரு வழக்கம்."

அவர் திருச்சிக்காரர், நெசவு தெரியாது. தப்புப் பண்ணிய மனுஷன் வேறு. உள்ளே போய் அண்ணி கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தார். அதற்குள் வழக்கம் கொஞ்சம் வளர்ந்திருந்தது.

"பாவு சுத்தற வரைக்கும் அறுத்தவங்களே கோலப் புடிச்சிக்கினு நிக்கணும் மாப்ள."

பாவின் முனையில் கோத்திருந்த கோலை இரண்டு கையாலும் பிடித்தார். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையில் கஞ்சி சொட்டச் சொட்ட, கடிகாரத்தைப் பார்க்கக்கூடக் கையில்லாமல் நின்றார். ஆறு மணி பஸ் போயிற்று, எட்டு மணி பஸ்ஸும் போயிற்று. அக்காவின் புருஷன் மட்டும் நடுநடுவே பெண்டாட்டியை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் குனிந்து இழையைப் பிணைக்கப் போய்விட்டார்.

பாவைச் சுற்றி முடித்ததும் இவர் பெட்டியைத் தூக்கினார்.

"தறியில ஏத்தி சூடம் காட்டணுமே மாப்ள. நீங்க இல்லாம எப்பிடி?"

சூடம் காட்டிக்கொண்டிருக்கும்போது தெருவில் என் தங்கையின் குரல் கேட்டது. நான் ஓடிய ஓட்டத்தில் வாசல் கோலமெல்லாம் அழிந்தது. குழந்தையை வாங்கி முகர்ந்தேன், தங்கையைக் கட்டிக்கொண்டேன். இரண்டு பேருக்கும் அழுகைதான் வந்தது. ஒரு மணி நேரம் அவள் கையை விடாமல் உட்கார்ந்திருந்தேன்.

கிளம்பும்போது அக்காவிடம் போய், இப்படி ஒரு வழக்கம் இதே தெருவில் வளர்ந்த நான் கேள்விப்பட்டதே இல்லையே என்றேன்.

"நான் மட்டும் கேட்டேனா? போ, பஸ்ஸுக்கு நேரமாவுது" என்றாள்.

ரயில் ஏற இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கும்போதே ஸ்டேஷன் போய்ச் சேர்ந்தோம். நூலிழையில் தப்பினோம் என்று அவர் வழியெல்லாம் புலம்பினார். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அப்புறம் பல வருஷங்கள் நாக்பூரில் வீட்டுக்கு யார் வந்தாலும், காஞ்சிபுரத்துப் பாவு வழக்கத்தை அவர் ஒரு புராணம் போல விவரிப்பார். கேட்கிறவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். நான் அடுப்படியில் முந்தானையை வாயில் வைத்துச் சிரிப்பேன்.

அவர் ரிட்டயர் ஆன பிறகு ஒரு நாள், போகட்டும் என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"தண்ணி குடிக்க உள்ள வந்தப்பவே உங்க அண்ணி சிரிச்ச சிரிப்புல எனக்குத் தெரிஞ்சுபோச்சு. பின்ன, அந்தக் கஞ்சி வாடையில ஒரு மனுஷன் நாலு மணி நேரம் சும்மா நிப்பானா?"

இப்போது அவரும் இல்லை, அந்த அக்காவும் இல்லை. எனக்காக ஒருத்தி வாய் கூசாமல் சொன்ன பொய்யையும், தெரிந்தே அதற்குக் கோல் பிடித்து நின்ற மனுஷரையும் நினைத்தால், சிரித்துக்கொண்டிருக்கும்போதே இன்றைக்கும் எனக்குக் கண் நிறைந்துவிடுகிறது.