மெக்சிக்கோப் புலியின் தண்ணீர்ப் போத்தல்

ஜெர்மனியில், டோர்ட்மண்டில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, ஒரு குத்துச்சண்டை மண்டபத்தைக் கூட்டித் துடைப்பது. எண்பத்தைந்தாம் ஆண்டு. ஒரு சனிக்கிழமை பின்னேரம் மண்டப முதலாளி என்னைக் கூப்பிட்டு, வாளியும் தண்ணீர் நிரப்பிய போத்தலும் தந்தார். தலையில் அகலமான வைக்கோல் தொப்பி ஒன்றையும் கவிழ்த்தார்.

"உன்ர நிறத்துக்கு நீயும் மெக்சிக்கோதான். அவன்ர மூலையில நிண்டு ரவுண்ட் முடிய முடியத் தண்ணி குடு. வாயைத் திறவாதை."

'அவன்' ரமிரோ. பெரு நாட்டவன். மெக்சிக்கோ என்றால்தான் சனம் வரும் என்று சுவரொட்டியில் 'மெக்சிக்கோப் புலி' என்று போட்டிருந்தார்கள். நாலு ரவுண்டும் விழாமல் நின்றால்தான் அடுத்த சண்டை என்பது முதலாளியின் நிபந்தனை.

என்னோடு துடைக்கிற சூசை அண்ணை சிரித்தார். "கவனமடா தம்பி, சண்டைக்கு ஆள் காணாட்டி உன்னையும் மேடையில ஏத்திப்போடுவாங்கள்."

ரமிரோ என்னிடம் ஸ்பானிய மொழியில் ஏதோ கேட்டான். நான் புரியாமல் விழித்தேன். மெக்சிக்கோக்காரன் என்று நிற்பவனுக்கு ஸ்பானியம் தெரியவில்லை என்றதும் அவன் பார்வையில் சந்தேகம் வந்துவிட்டது.

எடை குறைப்பதற்காக முதல் நாளே தண்ணீரை நிறுத்தியிருந்தான். இரண்டாம் ரவுண்ட் முடிந்து வந்தபோது உதடு வெடித்திருந்தது. போத்தலை நீட்டினேன். தட்டிவிட்டான்.

"ஆர் நீ? இதுக்குள்ள என்ன போட்டிருக்கு?" என்றான் அரைகுறை ஜெர்மனில்.

போத்தலை நிரப்பியவர் முதலாளி. எதிராளி முதலாளியின் செல்லப்பிள்ளை. அப்போதுதான் எனக்கும் சந்தேகம் வந்தது. ஆனாலும் குடித்துக் காட்டினேன். ஊர்ப் பழக்கத்தில் அண்ணாந்து, வாய் படாமல்.

அவன் துள்ளி எழுந்தான். "வாயில முட்டாமல் குடிக்கிறாய்! விளிம்பில என்ன பூசினனீ?"

மூன்றாம் ரவுண்டில் அவன் கால்கள் பின்னின. இரண்டு தரம் கயிற்றில் சாய்ந்தான். இன்னொரு ரவுண்ட் தாங்க மாட்டான் என்று எனக்கே தெரிந்தது.

அவன் முக்காலியில் வந்து இருந்ததும் என் தொப்பியைக் கழற்றினேன். "நான் மெக்சிக்கோ இல்லை. சிலோன். அகதி. எங்கட ஆக்கள் அப்படித்தான் குடிக்கிறவை." போத்தலை வாயில் வைத்து, விளிம்பு முழுவதும் உதடு பட, பாதியைக் குடித்தேன்.

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் விழவில்லை.

"நானும் மெக்சிக்கோ இல்லை," என்று பறித்து மிச்சத்தைக் குடித்தான்.

புள்ளியில் தோற்றான், ஆனால் கடைசி மணி அடிக்கும்போது நின்றுகொண்டிருந்தான். அடுத்த சண்டையும் கிடைத்தது. தண்ணீரில் ஒன்றும் இருக்கவில்லை, அல்லது எங்கள் இருவரையும் அது ஒன்றும் செய்யவில்லை. எனக்கு இன்றைக்கும் தெரியாது.

இப்போது எங்கள் பிள்ளைகளும் குத்துச்சண்டை பழகுகிறார்கள். மூலையில் நிற்கப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: சண்டைக்காரன் பார்க்கத்தக்கதாகக் குழாயில் போத்தலை நிரப்புங்கள். முதல் மிடறை நீங்களே குடியுங்கள். வாய் வைத்துக் குடியுங்கள்.