கடைக்கு வராத கேம்கள்

வீடியோ கேம் ஒன்று கடைக்கு வருமுன் அதை விளையாடிப் பார்த்துப் பிழை சொல்வதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்றால் கிளிநொச்சியில் ஒருத்தரும் நம்பமாட்டார்கள். நம்பாதவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. நான் பிழை பார்த்த கேம்களில் ஒன்றுகூடக் கடைக்கு வரவில்லை. வெளிநாட்டுக் கம்பனி ஒன்று ரீவியில் பொருத்தி விளையாடும் புதுப் பெட்டி ஒன்றைச் செய்தது. அந்தப் பெட்டிக்கான கேம்களைச் சோதிக்கும் வேலை எங்களுக்குக் கிடைத்தது. பெட்டி விற்பனையில் படுத்துவிட்டது, அதோடு கேம்களையும் ஒவ்வொன்றாகக் கைவிட்டார்கள். விருந்துக்குச் சமைத்து வைத்துவிட்டு, விருந்தாளி வராமல் சட்டியைப் பார்த்துக்கொண்டு இருந்தவர்களுக்கு என் நிலைமை விளங்கும். நீங்களும் அப்படி ஓர் ஆள் என்றால் வாருங்கள், சேர்ந்து சிரிப்போம்.

உரக்கடை

நாங்கள் வேலை செய்த கந்தோர் ஏ9 வீதியில் ஓர் உரக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது. என் கணவரின் தாய், அதாவது என் மாமி, உருத்திரபுரத்தில் வயல் செய்யும் கமக்காரர். மருமகள் நாள் முழுக்கக் கேம் விளையாடுகிறாள் என்று ஊருக்குச் சொல்ல அவருக்கு வெட்கம். அதனால் நான் கீழேயுள்ள உரக்கடையில் வேலை செய்வதாகச் சொல்லி வைத்துவிட்டார். கோயிலுக்குப் போனால் யூரியா எப்போது வரும் என்று கேட்பார்கள். ஒரு கலியாண வீட்டில் பெண்ணின் தகப்பனே பந்தியில் வந்து குனிந்து, விலை குறையுமா என்று விசாரித்தார். நானும் முகத்தை முறிக்க மனமில்லாமல், கீழே கேட்டு விலை சொல்லத் தொடங்கியிருந்தேன்.

ஒருநாள் பொறுக்க முடியாமல், ஏன் என் வேலையை மறைக்கிறீர்கள் என்று மாமியிடம் கேட்டேவிட்டேன். அவர் அரிசி புடைப்பதை நிறுத்தாமலே சொன்னார்: "நீ செய்த சாமானை ஒருக்காக் கடையிலை காட்டு பிள்ளை. அண்டைக்கு மாத்திச் சொல்லுறன்."

யானைக்கு வாழைப்பழம்

அன்றிலிருந்து ஒரே ஒரு கேமாவது கடைக்கு வந்துவிட வேண்டும் என்று கோயிலுக்கு நேர்த்தி வைக்காத குறை. முதல் நம்பிக்கை யானைக் கேம். காட்டில் ஒரு சிறுமி யானையைச் சந்திப்பாள், வாழைப்பழம் கொடுப்பாள், இருவரும் சிநேகிதர் ஆவார்கள். கேம் தொடங்குவதே அந்தப் பழத்தைக் கொடுத்த பிறகுதான். எங்கள் அறையில் இருந்த ஒருவரும் அதைக் கொடுக்கவில்லை. யானையைக் கண்டதும் எல்லோரும் சத்தமில்லாமல் பின்பக்கமாக நடந்து வீட்டுக்குப் போய்விட்டோம். யானையை விரட்டும் யானைவெடி சிறுமியின் எந்தப் பையில் இருக்கிறது என்று தேடினேன். இல்லை. அதையே ஒரு பிழையாக எழுதியும் அனுப்பினேன்.

வெளிநாட்டிலிருந்து ஒரு பெண் வீடியோவில் வந்து, இவ்வளவு அழகான யானையை ஏன் ஒருத்தரும் கிட்டப் போய்ப் பார்க்கவில்லை என்று மெத்தக் கவலையோடு கேட்டாள். எங்கள் பொறுப்பாளர் பிரதீபன் ஏதோ சொல்லிச் சமாளிக்கப் பார்த்தார். அதற்குள் ஓமந்தையிலிருந்து வேலைக்கு வரும் செல்வராசா அண்ணை எழும்பிவிட்டார். அவருடைய தோட்டத்துக்குள் யானை புகுந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. "போன கிழமை என்ர வாழை முழுக்கச் சாப்பிட்டது. இனிக் கூப்பிட்டு வேற குடுக்கிறதோ?"

தங்கம்

அடுத்தது புதையல் கேம். பெரிய வெளி, எங்கே வேண்டுமானாலும் நடக்கலாம். தங்கம் புதைந்திருக்கும் இடங்களைச் சுற்றிச் சிவப்புத் தடி நட்டு வைத்திருந்தார்கள். விளையாடுகிறவர் தடியைக் கண்டதும் ஓடிப்போய்க் கிண்டுவார் என்பது அவர்கள் கணக்கு. நாங்கள் ஒரு மாதம் விளையாடி, கேமில் பிழையே இல்லை என்று எழுதினோம். அவர்கள் பார்த்துவிட்டுக் கத்தினார்கள். நாங்கள் எல்லோரும் அந்த ஒரு மாதமும் ரோட்டை விட்டு இறங்கவே இல்லையாம். வன்னியில் சிவப்புத் தடி நட்ட காணிக்குள் ஆர் இறங்குவார்?

கடைசியில் உடையார்கட்டு நிரோசா இறங்கச் சம்மதித்தாள். எங்களிடம் வருமுன், இப்படிச் சிவப்புத் தடி நட்டு மிதிவெடி அகற்றும் வேலையில் இருந்தவள். ரோட்டோரத்தில் ஒடுக்கமாக ஒரு பாதை பிடித்து, அங்குலம் அங்குலமாக உள்ளே போனாள். தங்கம் கண்ணுக்கு முன்னால் மின்னிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை இறங்கியவள் வெள்ளிக்கிழமையும் போய்ச் சேரவில்லை. அதற்குள் அந்தக் கேமையும் நிறுத்திவிட்டதாகச் செய்தி வந்துவிட்டது. கொஞ்சம் கெதியாய்ப் போயிருக்கலாமே என்று பிரதீபன் மனம் நொந்து சொன்னார். நிரோசா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தங்கம் எங்கையும் ஓடாது அண்ணை. கால் போனால்தான் திரும்பி வராது."

சுவிஸ் மச்சான்

இதற்குள் பெட்டி விற்பனைக்கு வந்திருந்ததால் சுவிஸில் இருக்கும் மச்சானுக்குப் போன் எடுத்து, ஒன்று வாங்கி அனுப்பச் சொன்னேன். பெட்டியையாவது மாமிக்குக் காட்டலாமே என்ற ஆசைதான். மச்சான் கடைக்குப் போனார், போன உடனே திரும்பியும் வந்துவிட்டார். ஏன் வாங்கவில்லை என்று கேட்டேன். "ஒண்டு வாங்கினால் ஒண்டு சும்மாவாம். இரண்டையும் கொண்டு போய் எங்க எறியிறது எண்டு வந்திட்டன்."

வெட்டு

பெட்டியையே கைவிட்டுவிட்டார்கள் என்ற செய்தி வந்தபோது எங்களிடம் மிஞ்சியிருந்தது ஒரு வயல் கேம். விதைத்து, தண்ணீர் கட்டி, விளைந்ததும் வெட்ட வேண்டும், அவ்வளவுதான். மற்றவர்களைவிட அதில் எனக்குத்தான் நம்பிக்கை அதிகம், ஏமாற்றமும் அதிகம். கந்தோரை மூடிச் சாமான்களை ஏற்ற ஆள் வரும் நாளன்று, மாமி ஆஸ்பத்திரியில் சீனி வருத்தக் கிளினிக் முடித்துவிட்டு, பஸ் வரும்வரை இருக்கலாம் என்று மேலே வந்தார். கதிரையில் இருந்தவர், திரையில் விளைந்து நின்ற நெல்லைக் கண்டதும் இதை ஏன் இன்னும் வெட்டாமல் வைத்திருக்கிறீர்கள் என்று என்னை ஏசினார். பிறகு றிமோட்டைத் தானே வாங்கிக்கொண்டார். கொஞ்ச நேரம் நடக்கத் தெரியாமல் வரம்பில் முட்டி முட்டி நின்றார். ஒருக்கா நடை பிடிபட்ட பிறகு அவரை எழுப்ப முடியவில்லை. பஸ்ஸும் போய்விட்டது.

சாமான் ஏற்ற வந்தவர் மற்ற ரீவிகளை எல்லாம் கழற்றிவிட்டு, மாமியின் ரீவி வயரில் கை வைத்தார். மாமி திரும்பியே பார்க்காமல், "தம்பி, வெட்டு முடியட்டும். மேகம் கறுக்குது" என்றார். திரையில் உண்மையாகவே கறுத்திருந்தது. அந்த மனுசன் வயரை விட்டுவிட்டுப் பக்கத்தில் குந்தினார். கொஞ்ச நேரத்தில், தெற்கு மூலையில் ஒரு துண்டு விடுபட்டுப் போனது என்று காட்டிக் கொடுக்கவும் தொடங்கினார். மழைக்கு முன் நெல் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. மூன்று பேரும் மூச்சு விட்டோம். பிறகு கேமில் வேலை செய்தவர்களின் பெயர்கள் மேலே ஏறத் தொடங்கின. என் பெயர் வந்ததும் மாமிக்குக் காட்டினேன்.

அவர் கிட்டக் குனிந்து அதைப் பார்த்தார். இது எப்போது கடைக்கு வரும் என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகத்தான் நான் இத்தனை நாளும் காத்திருந்தேன். பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. இது வராது மாமி, ஒன்றுமே வராது, எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள் என்றேன். அழுகை வந்துவிட்டது. சாமான் ஏற்ற வந்தவருக்கு முன்னால் அழுவதற்கு வெட்கமாகவும் இருந்தது. மாமி றிமோட்டை மடியில் வைத்துவிட்டு என் கையைப் பிடித்தார். "இடம்பெயர்ந்த வருசம் விளைஞ்ச வயலை வெட்டாமல் விட்டிட்டுத்தான் ஓடினனாங்கள். அந்த வருசம் நாங்கள் கமக்காரர் இல்லையெண்டு ஆரும் சொல்லேல்லை, பிள்ளை."

மாமி அந்தக் கிழமையே வீடு வீடாகப் போய் மாற்றிச் சொல்லிவிட்டார். ஆக, எனக்கு என்ன வேலை என்று ஊருக்குத் தெரியவந்தபோது எனக்கு வேலை இருக்கவில்லை.